சங்கத்தை விட மறுத்த ஆசிரியை

ஆலிஸ் வைனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநில அரசியலமைப்புச் சட்டத்தில் ஒரு பகுதி அவருக்கு மனப்பாடம். ஜான்ஸ் தீவிலிருந்து சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிச்செல்லும் பேருந்தில்தான் அதைக் கற்றார். பேருந்தின் சொந்தக்காரரும் ஓட்டுநருமான ஏசா ஜென்கின்ஸ், சட்டத்தின் பகுதிகளைத் தட்டச்சு செய்து பயணிகளிடம் கொடுப்பார். வழியில் வாசித்துக் காட்டி, பொருள் சொல்வார். ஆலிஸ் வைன் காதால் கேட்டே நெட்டுருப் போட்டார். வாக்காளர் பதிவு அலுவலகத்தில் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, படிப்பதுபோலவே ஒப்பித்தார். பதிவும் கிடைத்துவிட்டது.

அத்தோடு அவர் நிற்கவில்லை. ஒப்பிப்பது போதாது, உண்மையாகவே படிக்க வேண்டும், யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேட்டார். 1950களின் நடுப்பகுதி அது. கேட்டவர் வயதுவந்த கறுப்பினப் பெண். தீவில் அப்படி ஒரு பள்ளி கிடையாது.

அந்தப் பள்ளியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் செப்டிமா பாயின்செட் கிளார்க். மார்ட்டின் லூதர் கிங்கையும் ரோசா பார்க்ஸையும் அறிந்த நம்மில் பலர், செப்டிமா கிளார்க்கின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். நாற்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர் அவர். ஒரு சங்கத்தின் உறுப்பினர் அட்டையை விட மறுத்ததற்காக, ஓய்வு பெறும் வயதை நெருங்கியபோது வேலையையும் ஓய்வூதியத்தையும் இழந்தார். அதன் பிறகுதான் அவருடைய பெரிய வேலையே தொடங்கியது.

வாசலில் காத்திருந்த அப்பா

செப்டிமா 1898 மே 3 அன்று சார்ல்ஸ்டனில் பிறந்தார். அப்பா பீட்டர் பாயின்செட் அடிமையாகப் பிறந்தவர். ஜோயல் பாயின்செட் என்ற பெரும் பண்ணை முதலாளியின் உடைமையாக இருந்ததால் அந்தக் குடும்பப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. நம் ஊர் நாற்றுப் பண்ணைகளில் சிவப்பு இலைகளோடு விற்கும் ‘பாயின்செட்டியா’ செடிக்கும் அதே முதலாளியின் பெயர்தான்.

சிறுவன் பீட்டருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, முதலாளி வீட்டுப் பிள்ளைகளின் புத்தகங்களைப் பள்ளிக்குச் சுமந்து செல்வது. பள்ளி விடும்வரை வெளியே காத்திருந்து, மறுபடியும் சுமந்து வர வேண்டும். புத்தகம் கையில் இருக்கும். அதைத் திறக்கத்தான் உரிமை இல்லை. அண்ணல் அம்பேத்கர் வகுப்பறையில் தனியாகச் சாக்குத்துணியில் உட்கார்ந்ததைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

அம்மா விக்டோரியா ஹெய்ட்டியில் வளர்ந்தவர். யாருக்கும் வேலைக்காரியாக இருந்ததில்லை என்பது அவருடைய பெருமை. வெள்ளையர் வீட்டுக்கு வேலைக்குப் போகாமல், துணிகளை வீட்டுக்கே வாங்கிவந்து வெளுத்துக் கொடுத்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார். ஏவரி என்ற தனியார் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் செப்டிமா 1916 இல் படிப்பை முடித்தபோது அவருக்கு 18 வயது.

படிப்பு முடிந்தாலும் சொந்த ஊரில் வேலை இல்லை. சார்ல்ஸ்டன் நகரப் பொதுப்பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் படித்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பாடம் நடத்தக் கறுப்பின ஆசிரியர்களுக்கு அனுமதி இல்லை. வெள்ளையர்கள் மட்டுமே நடத்தலாம். கறுப்பின ஆசிரியருக்கு வேலை வேண்டுமென்றால் யாரும் போக விரும்பாத கிராமத்துக்குப் போக வேண்டும். செப்டிமாவுக்குக் கிடைத்தது ஜான்ஸ் தீவு. அப்போது பாலம் கிடையாது. ஓடைகளின் வழியே படகில் மணிக்கணக்காகப் போய்ச் சேர வேண்டும்.

132 பேருக்கு இரண்டு ஆசிரியர்கள்

பள்ளியின் பெயர் என்னவோ ‘வாக்களிக்கப்பட்ட பூமி’. மரக்கட்டைச் சுவர், கண்ணாடி இல்லாத சன்னல்கள், குளிருக்கு ஒரே ஒரு கணப்படுப்பு. 132 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். தலைமை ஆசிரியைப் பொறுப்பையும் பார்த்த செப்டிமாவுக்கு மாதம் 35 டாலர், உடன் இருந்தவருக்கு 25 டாலர். சாலைக்கு அந்தப் பக்கம் வெள்ளையர் பள்ளி. அங்கே படித்த பிள்ளைகள் மூன்று பேர். அவர்களின் ஆசிரியைக்கு 85 டாலர்.

இந்தக் கணக்கை அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிக்கொண்டே இருந்தார். பிற்காலத்தில் ஊதிய வழக்கில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது எந்தப் புத்தகமும் இல்லை, சாலையின் இரண்டு பக்கமும் கண்ணெதிரே இருந்த இந்த வித்தியாசம்தான் என்று எனக்குப் படுகிறது.

பிள்ளைகள் பருத்திக் காட்டில் வேலை செய்தவர்கள். அறுவடை முடியும்வரை பெரிய பிள்ளைகள் பள்ளிக்கு வர மாட்டார்கள். வந்தவர்களுக்குப் போதுமான புத்தகம் இல்லை. இருந்த புத்தகங்களும் அவர்கள் பார்த்தே இராத உலகத்தைப் பேசின. அதைவிடப் பெரிய சிக்கல், பேச்சு. அந்தத் தீவுகளின் மக்கள் பேசியது இன்று ‘குல்லா கீச்சி’ என்று அழைக்கப்படும் மொழி. மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் சொல்லும் இலக்கணமும் ஆங்கிலத்தோடு கலந்து, அடிமைப் பண்ணைகளில் உருவானது. படித்தவர்கள் அதை உடைந்த ஆங்கிலம் என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களில் நகரத்துப் படித்த கறுப்பினத்தவரும் உண்டு.

செப்டிமா அந்தப் பேச்சிலிருந்தே பாடத்தைத் தொடங்கினார். சலவைக் கடையில் துணி சுற்றித் தரும் பெரிய காகிதப் பைகளைச் சேர்த்து எடுத்துவந்தார். பள்ளிக்கு நடந்துவரும் வழியில் என்ன பார்த்தாய், வீட்டைச் சுற்றி என்ன விளைகிறது, வானத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். பிள்ளைகள் சொன்னதை அந்தப் பைகளில் எழுதிச் சுவரில் ஆணியடித்து மாட்டினார். அதுதான் வாசிப்புப் புத்தகம். தான் சொன்னதே எழுத்தாகச் சுவரில் தொங்கும்போது, அதைப் படிக்க ஒரு பிள்ளைக்கு எவ்வளவு ஆசை வரும்!

இன்று கல்வியியல் கல்லூரிகளில் இதற்குப் பெயர் உண்டு. பண்பாட்டோடு இயைந்த கற்பித்தல் என்று சொல்கிறார்கள். கறுப்பினக் கல்வியாளரான குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1990களில் இதைக் கோட்பாடாக எழுதினார். ஜெனிவா கே 2000 இல் தனி நூலே கொண்டுவந்தார். கோட்பாடு வருவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒரு பதினெட்டு வயதுப் பெண், கையில் புத்தகம் இல்லாத குறைக்குக் கண்டுபிடித்த வழி அது.

மாலையில் பெரியவர்கள் வந்தார்கள். உள்ளூர்ச் சங்கங்களில் இருந்த ஆண்கள், கூட்டத்தில் எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும், நடவடிக்கைக் குறிப்பை வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். பெரியவர்கள் படிப்புக்கு வருவது எழுத்தின் மேல் உள்ள மோகத்தால் இல்லை, குறிப்பிட்ட ஒரு தேவையால்தான் என்பதை அங்கே கண்டுகொண்டார்.

சமையல்காரிகளின் கையெழுத்து

நிறமக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தைப் பற்றி, சுருக்கமாக என்.ஏ.ஏ.சி.பி., அவர் அறிந்ததும் அந்தத் தீவில் இருந்தபோதுதான். சந்தா கட்டிச் சேர்ந்தார். 1919 இல் ஏவரி பள்ளிக்கே ஆசிரியையாகத் திரும்பியபோது, சார்ல்ஸ்டன் பொதுப்பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களை நியமிக்கக் கோரி அந்தச் சங்கம் இயக்கம் நடத்திக்கொண்டிருந்தது.

எதிர்த்தவர்கள் சொன்ன வாதத்தைக் கவனியுங்கள். கறுப்பின ஆசிரியர்கள் வேண்டும் என்று கேட்பது வெளிர்நிறமும் வசதியும் கொண்ட சிலர்தான், வீட்டு வேலை செய்யும் சமையல்காரிகளும் சலவைக்காரிகளும் அப்படிக் கேட்கவில்லையே என்றார்கள். ‘உங்களில் படித்த சிலர்தான் பிரச்சினை பண்ணுகிறீர்கள், ஊரில் உள்ள சனங்கள் நிம்மதியாகத்தானே இருக்கிறார்கள்’ என்று இங்கேயும் எத்தனை சமாதானக் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்.

பதில் சொல்ல அவர்கள் அந்தச் சமையல்காரிகளிடமே போனார்கள். செப்டிமாவும் அவருடைய மாணவர்களும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். பத்தாயிரம் கையெழுத்துகள் சேர்ந்தன என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். 1920 இல் சார்ல்ஸ்டன் பள்ளிகளின் கதவு கறுப்பின ஆசிரியர்களுக்குத் திறந்தது. சலவைத் தொழில் செய்த தாயின் மகள் வாங்கிவந்த கையெழுத்துகளும் அந்தக் குவியலில் இருந்தன.

சொந்த வாழ்க்கை அவ்வளவு எளிதாக இல்லை. கடற்படையில் பணியாற்றிய நெரி கிளார்க்கை 1920 இல் மணந்தார். முதல் குழந்தை பிறந்த சில நாட்களில் இறந்தது. 1925 இல் கணவரும் இறந்தார். மகனை வளர்க்க ஆசிரியைச் சம்பளம் போதாமல், கணவரின் பெற்றோரிடம் விட்டார்.

பிறகு மாநிலத் தலைநகர் கொலம்பியாவில் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் வேலை. வேலை பார்த்துக்கொண்டே 1942 இல் இளங்கலையும் 1946 இல் முதுகலையும் முடித்தார். ஒரே தகுதி உள்ள கறுப்பின, வெள்ளை ஆசிரியர்களுக்கு ஒரே சம்பளம் கேட்ட வழக்குக்கு என்.ஏ.ஏ.சி.பி.யின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷலோடு சேர்ந்து வேலை செய்தார். பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனவர் அவர். 1945 இல் தீர்ப்பு ஆசிரியர்களுக்குச் சாதகமாக வந்தது. மாநில அரசு உடனே ‘தகுதித் தேர்வு’ வைத்துச் சம்பளத்தைத் தரம் பிரித்தது. சமத்துவத்துக்கு ஆணை வந்த மறுநாளே ‘தகுதி’ என்ற சொல் எழுந்து நிற்பது நமக்குப் பழகிய காட்சிதான். கிளார்க் அந்தத் தேர்வையும் எழுதி முதல் தரத்தில் தேறினார்.

726 கடிதங்கள்

1954 இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் பழிவாங்கக் கிளம்பின. தெற்கு கரோலினா 1956 இல் ஒரு சட்டம் போட்டது: அரசு, நகராட்சி ஊழியர் எவரும் என்.ஏ.ஏ.சி.பி. உறுப்பினராக இருக்கக் கூடாது. எந்தெந்த அமைப்பில் இருக்கிறீர்கள் என்று எழுதித்தரச் சொல்லி ஆசிரியர்களிடம் படிவம் கொடுத்தார்கள்.

பலர் அந்தச் சங்கத்தின் பெயரை எழுதாமல் விட்டார்கள். கிளார்க் எழுதினார். வேலை போயிற்று. 58 வயது, நாற்பது ஆண்டுப் பணி. ஓய்வூதியமும் போயிற்று. அதே மாநிலத்தில் எல்லோரி என்ற சிற்றூரிலும் 21 கறுப்பின ஆசிரியர்கள் பணிய மறுத்து வேலை இழந்தார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை. கறுப்பின ஆசிரியர்கள் 726 பேருக்குக் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார், இந்தச் சட்டத்தை எதிர்க்க வாருங்கள் என்று. பதில் போட்டவர்கள் 26 பேர். கல்வி அதிகாரியை நேரில் பார்க்க வருகிறோம் என்றவர்கள் 11 பேர். அன்று வாசலில் வந்து நின்றவர்கள், அவரையும் சேர்த்து, ஐந்து பேர். அவர் சார்ந்திருந்த படித்த பெண்கள் அமைப்பு அவருக்குப் பாராட்டு விருந்து வைத்தது. ஆனால் அவரோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. படம் வெளியே வந்தால் வேலை போய்விடும் என்ற பயம்.

இந்த இடத்தில் இன்னொருவராக இருந்தால் கோழைகள் என்று திட்டியிருப்பார். நம் மேடைகளில் அரசு ஊழியர்களை அப்படித் திட்டுவதற்குக் குறைவே இல்லை. கிளார்க் வேறு விதமாக யோசித்தார். அவர்கள் இன்னும் தயாராகாத ஒன்றுக்குள் அவர்களைத் தள்ளப் பார்த்தேன், முதலில் கூடி உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்ற பொருளில் பிற்காலத்தில் சொன்னார். ஆசிரியர் புத்தி என்று இதைத்தான் சொல்ல வேண்டும். வகுப்பில் பிள்ளைக்குப் புரியவில்லை என்றால் பாடத்தை மாற்றுகிறோம் இல்லையா, அப்படி.

மளிகைக் கடையின் பின்னறை

வேலை போவதற்கு முன்பே, 1954 முதல், டென்னசி மாநிலத்தில் இருந்த ஹைலேண்டர் மக்கள் பள்ளிக்கு அவர் போய்வந்துகொண்டிருந்தார். மைல்ஸ் ஹார்ட்டன் என்ற வெள்ளையரும் அவருடைய நண்பர்களும் 1932 இல் தொடங்கிய இடம். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே கூரையின் கீழ் தங்கிப் பயிற்சி பெற்றார்கள். 1955 கோடையில் கிளார்க் நடத்திய பயிற்சிக்கு மாண்ட்கோமரியிலிருந்து ஒரு தையல்காரப் பெண் வந்திருந்தார். அதிகம் பேசாதவர். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தார். அவர்தான் ரோசா பார்க்ஸ். வேலை போனதும் ஹைலேண்டர் கிளார்க்கைத் தன் பயிற்சிப் பிரிவின் இயக்குநராக்கியது.

ஏசா ஜென்கின்ஸ் ஹைலேண்டருக்கு வந்தபோது ஆலிஸ் வைனின் கேள்வியைக் கொண்டுவந்தார். மாநிலச் சட்டப்படி வாக்காளராகப் பதிய, அரசியலமைப்பின் ஒரு பிரிவைப் படித்துக் காட்ட வேண்டும், அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்துக்கு வரி கட்டியிருக்க வேண்டும். எழுத்தறியாத கூலித் தொழிலாளிக்கு இரண்டுமே இல்லை. ஹைலேண்டர் கடன் கொடுத்தது. தீவு மக்களின் சங்கம் ஒரு பழைய கட்டடத்தை வாங்கியது. முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை. பின்னால் இரண்டு அறைகள், வெள்ளையர் எட்டிப் பார்க்க முடியாதபடி சன்னல் இல்லாமல். 1957 சனவரி 7 அன்று அங்கே முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. மாணவர்கள் 14 பேர்.

ஆசிரியர் யார் என்பதில்தான் கிளார்க்கின் அனுபவம் பேசியது. பட்டம் பெற்ற ஆசிரியர் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். பாடத்திட்டப் பழக்கம் அவர்களை விடாது. படிக்காதவரைக் குறைவாகப் பார்க்கும் பார்வையும் இருக்கலாம். கிளார்க்கின் உறவினரான பெர்னிஸ் ராபின்சனைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் அழகு நிலையம் வைத்திருந்தவர், தையலும் தெரிந்தவர். எனக்கு எதற்கு ஆசிரியர் வேலை என்று முதலில் மறுத்தார். மாணவர்களிடமும், நான் ஆசிரியை இல்லை, சேர்ந்து கற்போம் என்றே தொடங்கினார். கொண்டுபோயிருந்த சிறுபிள்ளைப் பாடநூல்களை ஓரமாக வைத்துவிட்டு, என்ன கற்க வேண்டும் என்று கேட்டார். சொந்தப் பெயர் எழுத வேண்டும். வேதாகமம் படிக்க வேண்டும். தொலைவில் இருக்கும் பிள்ளைக்குக் கடிதம் எழுத வேண்டும். தபாலில் பொருள் வரவழைக்கும் படிவமும் பணவிடைத் தாளும் நிரப்பத் தெரிய வேண்டும். இவைதான் பாடத்திட்டம்.

பெயர் எழுதும் பாடத்துக்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். கெட்டி அட்டையில் பெயரை எழுதிக் கொடுத்து, அதன்மேலேயே திரும்பத் திரும்பப் பென்சிலை ஓட்டச் சொன்னார்கள். ஏர் பிடித்த கைக்குப் பென்சில் வசப்படும்வரை. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் ஒட்டி, வகுப்பு முடிவதற்குள் இதை எல்லோரும் படிக்க வேண்டும் என்றார் ராபின்சன். உழவு வேலை இல்லாத குளிர்கால மாதங்களில் மட்டும் இரவு வகுப்பு. அறுபது வயதைக் கடந்த ஒரு பெண், பலகையில் இருந்த பெயர்களுக்கு நடுவே தன் பெயரைக் கண்டுபிடித்துக் காட்டியபோது தனக்கு மெய்சிலிர்த்ததாக ராபின்சன் பின்னாளில் கூறியிருக்கிறார்.

படிவம் நிரப்புவதிலிருந்து பேச்சு தானாக நகர்ந்தது. வரி எங்கே போகிறது? நம் தெருவுக்கு ஏன் சாலை இல்லை? பள்ளி வாரியத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? அரசியலை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து திணிக்கவில்லை.

பக்கத்துத் தீவுகளிலிருந்தும் கேட்டார்கள். வேட்மலா, எடிஸ்டோ, வடக்கு சார்ல்ஸ்டன் என்று பள்ளிகள் பரவின. 1959 சூலை 31 இரவு ஹைலேண்டரில் போலீஸ் புகுந்தது. சட்டவிரோதமாகச் சாராயம் வைத்திருந்ததாக, குடிப்பழக்கமே இல்லாத கிளார்க்கைக் கைது செய்தார்கள். 1961 இல் நீதிமன்றத்தின் வழியாகப் பள்ளியின் உரிமத்தையே பறித்தார்கள். அதற்குள் திட்டம் கைமாறிவிட்டது. மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு அதை ஏற்றுக்கொண்டது. ஜார்ஜியாவில் ஒரு பயிற்சி மையம். கிளார்க், டாரத்தி காட்டன், ஆண்ட்ரூ யங் மூவரும் ஊர் ஊராகப் போய் ஆட்களைத் திரட்டினார்கள். உழவர்கள், ஓட்டுநர்கள், முடிதிருத்துவோர், வீட்டு வேலை செய்வோர் வந்து பயிற்சி பெற்று, தங்கள் ஊரில் போய் வகுப்பு நடத்தினார்கள். அழகு நிலையம் வைத்திருந்த பெண்கள் பல ஊர்களில் முன்னால் நின்றதற்குக் காரணம் உண்டு. அவர்களின் வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். வெள்ளை முதலாளி அவர்களை வேலையை விட்டு நீக்க முடியாது. 1970 வரை தெற்கு முழுதும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் நடந்தன. 1965 இல் வாக்குரிமைச் சட்டம் வந்து எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியபோது, பதிவு அலுவலகத்துக்கு ஊராரை அழைத்துப்போகத் தெரிந்தவர்கள் ஊர்தோறும் தயாராக இருந்தார்கள்.

இயக்கத்துக்குள்ளும் அவருக்கு ஒரு பாடம் காத்திருந்தது. நிர்வாகக் குழுவில் இந்தப் பெண் எதற்கு என்று போதகர் ரால்ஃப் அபர்னதி கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பாராம். எல்லா ஊர்வலத்துக்கும் நீங்களே தலைமை ஏற்க வேண்டாம், உள்ளூரில் தலைவர்களை உருவாக்குங்கள் என்று கிங்குக்கே கடிதம் எழுதினார் கிளார்க். அந்தக் கடிதத்தைக் குழுவில் வாசித்தபோது ஆண்கள் சிரித்தார்கள். இதையெல்லாம் அவரே பின்னாளில் மறைக்காமல் பதிவு செய்தார். கிங்கின் மேல் அவருக்கு இருந்த மதிப்பு குறையவில்லை. அதற்காகக் கேள்வியையும் அவர் கைவிடவில்லை. தலித் அமைப்புகளின் மேடையில் பெண்களுக்கு எத்தனை நாற்காலி போடுகிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் பக்கம்

எழுத்தறிவை வாக்குரிமைக்கு நிபந்தனையாக்கும் பேச்சு இந்தியாவிலும் இருந்தது. வெள்ளையர் ஆட்சியில் சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்களுக்கே ஓட்டு. 1929 இல் பம்பாய் மாகாணம் பற்றி எழுதிய அறிக்கையில் அண்ணல் அம்பேத்கர் இதைக் கடுமையாக எதிர்த்தார். படிக்காதவர் அறிவில்லாதவர் என்று நினைப்பது ஒரு தவறு. அவர் படிக்காமல் போனதற்கு யார் காரணமோ அவர்களே அதைக் காட்டி வாக்கை மறுப்பது இன்னொரு தவறு என்பது அவர் வாதம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில், 1951-52 இல், சின்னம் பார்த்து ஓட்டுப் போட்டார்கள் நம் தாத்தா பாட்டிகள். ஆலிஸ் வைன் பதிவுக்காகச் சட்டத்தை மனப்பாடம் செய்ததற்குச் சில ஆண்டுகள் முன்பே அது நடந்துவிட்டது.

காகிதத்தில் கிடைத்த உரிமை ஊருக்குள் வர எவ்வளவு பாடுபட்டது என்பது வேறு கதை. 1997 இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தனித்தொகுதித் தேர்தலை ஒழுங்காக நடத்தவே 2006 வரை ஆனது.

வகுப்பறைக்கு வருவோம். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது. 2024 சூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, பள்ளிப் பெயர்களில் ஒட்டியிருக்கும் சாதி, ஆசிரியர்களின் நடத்தை, ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டம் என்று பலவற்றைப் பேசுகிறது அது. கயிற்றை அறுப்பது எளிது. பிள்ளை வாயைத் திறந்ததும் ‘இது என்ன பேச்சு’ என்று வகுப்பே சிரிக்கும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதற்கு எந்த அரசாணையும் போட முடியாது. சேரியிலிருந்து வரும் பிள்ளையின் சொல் கொச்சை, ஊர்த்தெருப் பிள்ளையின் சொல் வட்டார வழக்கு என்று பிரிக்கும் காது எந்தக் கல்லூரியில் பயிற்சி பெற்றது? பறை அடிக்கும் அப்பாவைப் பற்றி, கழனியில் நாற்று நடும் அம்மாவைப் பற்றி, செங்கல் சூளையில் கழிந்த ஆறு மாதத்தைப் பற்றி ஒரு பிள்ளை சொல்லும் கதை எந்தச் சுவரில் மாட்டப்பட்டிருக்கிறது?

அப்படிச் செய்யும் ஆசிரியர்கள் நம்மிடையே இல்லாமல் இல்லை. மாலையில் அம்பேத்கர் இரவுப் பாடசாலை நடத்தும் பட்டதாரி இளைஞர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் பள்ளிப் பாடத்தையே மறுபடி நடத்துகிறார்கள். தேர்வுக்கு அது தேவைதான். வாரத்தில் ஒரு நாள் பெரியவர்களுக்கும் ஒதுக்கினால் எவ்வளவு வேலை இருக்கிறது! நூறு நாள் வேலை அட்டையில் பதிந்திருக்கும் நாட்கள் சரியா, வங்கிக் கணக்கில் எவ்வளவு வந்தது, நிலப் பட்டா யார் பெயரில் இருக்கிறது, கிராம சபைத் தீர்மானத்தில் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது. பெர்னிஸ் ராபின்சன் கேட்டதுபோல, என்ன கற்க வேண்டும் என்று முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்டால் நாம் நினைத்தே பார்க்காத ஒன்றைச் சொல்வார்கள்.

கிங் 1959 இல் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். உங்களைப் போலவே இவரும் ஒரு தீண்டப்படாதவர் என்று தலைமை ஆசிரியர் அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ந்தேன், பிறகு ஆமாம் என்று உணர்ந்தேன் என்று பின்னர் கிங்கே சொன்னார். அவருக்கு அந்தப் பாடத்தை நடத்தியதும் ஓர் ஆசிரியர்தான்.

செப்டிமா கிளார்க் 1970 இல் இயக்கப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்றார். 1975 இல், தன்னை வேலையை விட்டு நீக்கிய அதே சார்ல்ஸ்டனின் பள்ளி வாரியத்துக்குத் தேர்தலில் வென்று உறுப்பினராகப் போய் உட்கார்ந்தார். மாநில ஆளுநர் 1976 இல் அவருடைய ஓய்வூதியத்தைத் திரும்பக் கொடுத்தார். பறித்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலை இல்லாமல் போன ஆண்டுகளுக்கான சம்பளம் எங்கே என்று விடாமல் கேட்டார் அவர். அது 1981 இல் வந்தது. அப்போது அவருக்கு 83 வயது. 1987 டிசம்பர் 15 அன்று ஜான்ஸ் தீவில் காலமானார்.